குதிரை இருக்கும் பண்ணையில் உளச்சிகிச்சை: போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் டெவன் பக்கம் ஒரு கிராமத்துப் பண்ணையில் உளச்சிகிச்சை தருகிறார்கள். அட்டாச்மென்ட் தியரி எனப்படும் பிணைப்புக் கோட்பாட்டை வைத்து நடத்துவதாகவும், விருப்பப்பட்டால் குதிரையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். இது உருப்படியான சிகிச்சையா, குதிரை எதற்கு, போகலாமா?

நடத்துகிறவர் முறையாகப் பயின்றவராக இருந்தால் போகலாம். ஆனால் குணமாக்குவது குதிரைதான் என்று பேசுகிற இடமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இந்த வகைச் சிகிச்சையில் வேலை செய்வது, வாரா வாரம் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து உங்களோடு உட்காரும் ஒரு மனிதர். குதிரை அந்த இரண்டு பேருக்கும் நடுவே பேச ஒரு விஷயத்தைக் கொண்டுவருகிறது. வாய் திறக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. மற்றவர்களுக்கு இல்லாமலேயே நடக்கும். 'விருப்பப்பட்டால்' என்று அவர்கள் போட்டிருப்பது நல்ல அறிகுறி.

கோட்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அமர்வில் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. லண்டன் டேவிஸ்டாக் கிளினிக்கில் பணியாற்றிய உளமருத்துவர் ஜான் பவுல்பி, குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காக மட்டும் இல்லை, பயம் வந்தால் ஓடிப்போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக என்றார். அந்த ஆளை நம்ப முடிந்தால் குழந்தை துணிந்து விலகிப் போகும். அவரோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை அமைத்தார்: ஓர் அறை, சுமார் ஒரு வயதுக் குழந்தை, தாய், முன்பின் தெரியாத ஒரு பெண், 8 கட்டங்கள், பெரும்பாலும் 3 நிமிடம் வீதம். தாய் வெளியே போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதே முக்கியம். சில குழந்தைகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டின, சற்று நேரத்தில் அடங்கி விளையாடப் போய்விட்டன; இதைத்தான் பாதுகாப்பான வகை என்கிறார்கள். சில, அம்மா வந்ததையே கண்டுகொள்ளாமல் பொம்மையைத் திருப்பிக்கொண்டிருந்தன. சில, தூக்கு என்று அழுது, தூக்கியதும் திமிறி உதைத்தன. இவற்றில் எதிலும் அடங்காமல் நடுவழியில் உறைந்து நிற்கும் குழந்தைகளை மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் பின்னாளில் நான்காவது வகையாகப் பிரித்தார்கள்.

இந்த வகைகள் நோயின் பெயர்கள் இல்லை. அழுதால் ஏச்சு விழுகிற வீட்டில் அழாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். நாற்பது வயதில் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் அதே கெட்டிக்காரத்தனத்தோடு அலுவலக மெயிலைத் திறந்து உட்கார்ந்தால்தான் சிக்கல்.

பெரியவர்களுக்கான சிகிச்சையில் முதல் மூன்று நான்கு அமர்வுகள் மதிப்பீட்டுக்கே போகும். பலர் வயதுவந்தோருக்கான பிணைப்பு நேர்காணலையோ அதன் சாயலில் அமைந்த கேள்விகளையோ பயன்படுத்துவார்கள். முழு நேர்காணலில் ஏறக்குறைய 20 கேள்விகள், ஒரு மணி நேரம் பிடிக்கும். "சின்ன வயதில் அம்மாவோடு இருந்த உறவுக்கு ஐந்து சொற்கள் சொல்லுங்கள்" என்று கேட்டு, பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்பார்கள். "ரொம்ப அன்பானவர்" என்று ஒருவர் சொல்வார். சம்பவம் என்று கேட்டால் "எல்லா அம்மாவும் மாதிரிதான், ஞாபகம் இல்லை" என்பார். நேர்காணலைக் கணிப்பவரின் கண் இந்த இடைவெளியில்தான் இருக்கும். என்ன நடந்தது என்பதைவிட, நடந்ததை எவ்வளவு கோவையாகச் சொல்ல முடிகிறது என்பதற்கே எடை. கொடுமையான சிறுவயதைக் கண்டவரும் அதை மழுப்பாமல், அதிலேயே மூழ்கியும் போகாமல் பேச முடிந்தால் பாதுகாப்பான வகையில் வருவார். சிகிச்சை போக நினைக்கும் இடமும் அதுதான். இதற்கு முறைப்படி மதிப்பெண் போடத் தனிப் பயிற்சி வேண்டும். இணையத்தில் பத்துக் கேள்வி கொடுத்து 'நீங்கள் இந்த வகை' என்று முத்திரை குத்துகிறவரை விட்டுவிடுங்கள்.

தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பா அம்மா வெளிநாட்டில், பிள்ளை ஊரில் அம்மம்மாவிடம் அல்லது பாட்டியிடம் என்று பல வருடம் வளர்ந்திருப்பது நம்மில் சாதாரணம். அதை அறியாத சிகிச்சையாளர் 'கைவிடப்பட்ட குழந்தை' என்று சட்டென்று எழுதிவிடக்கூடும். உங்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலில் பக்கத்தில் படுத்தவர் யார் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உண்மையான பிரிவு, அந்தப் பாட்டியை விட்டு விமானம் ஏறிய நாளாகக்கூட இருக்கலாம். ஐந்து சொற்களையும் முதலில் தமிழில் நினைத்துச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் விளக்கலாம். நல்ல சிகிச்சையாளர் அதற்கு இடம் கொடுப்பார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை, 50 நிமிடம், பெரும்பாலும் ஒரு வருடம் அல்லது அதற்கு மேல். இன்றைய உறவுகளில் ஒரே மாதிரியான சிக்கல் எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பீர்கள். அது கடைசியில் சிகிச்சையாளரிடமும் வந்தே தீரும். அவர் ஒரு நாள் 10 நிமிடம் தாமதமாக வருகிறார் என்று வையுங்கள். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று நீங்கள் சிரிக்கிறீர்கள், அடுத்த வாரம் தலைவலி என்று போகாமல் இருந்துவிடுகிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவதுதான் வேலையின் மையம். தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான நொடிக்கு நொடி அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்த எட்வர்ட் ட்ரோனிக், நல்ல ஜோடிகள்கூட ஒத்திசைந்து இருப்பது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் என்று கண்டார். மீதி நேரம் தவறவிடுவதும் மறுபடி சரிசெய்வதுமாகவே போகிறது. ஆகவே ஒருபோதும் தவறாத சிகிச்சையாளரைத் தேடாதீர்கள். தவறியதை ஒப்புக்கொண்டு பேசக்கூடியவரைத் தேடுங்கள்.

சிகிச்சை கெட்டுப்போகும் இடமும் இதன் அருகிலேயே இருக்கிறது. சிகிச்சையாளர் தன் விடுமுறையைக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் "அடுத்த மூன்று வாரம் நான் இல்லை" என்பவர், கோட்பாட்டை எவ்வளவு அழகாகப் பேசினாலும், அதற்கு நேர் எதிரானதைச் செய்கிறார். முடிவும் அப்படித்தான். ஒரு வருடம் நடந்த சிகிச்சைக்கு முடிவுத் தேதியை இரண்டு மூன்று மாதம் முன்பே குறித்து, மீதி அமர்வுகளை அந்தப் பிரிவைப் பற்றியே பேசவும் ஒதுக்க வேண்டும்.

கிராமத்துக்கு வருவோம். பசுமையும் அமைதியும் விளம்பரத்துக்கு நல்லது. நடைமுறையில் நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. அந்த ஊரிலேயே நீங்கள் குடியிருந்தால், உங்கள் கார் எந்த வாசலில் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். சிகிச்சையாளரைக் கடையிலும் பள்ளி வாசலிலும் சந்திப்பீர்கள். அப்போது அவர் முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமா, நீங்கள் சொன்னால்தானா என்பதை முதல் அமர்விலேயே பேசி வைப்பது வழக்கம். பஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால், அழுது முடித்த பிறகு நிறுத்தத்தில் மழையில் நிற்பது யார்? காரில் வந்தாலும், கனமான அமர்வு முடிந்ததும் ஒரே வண்டி போகும் குறுகிய சாலையில் உடனே ஓட்டக் கூடாது. கால் மணி நேரம் உட்கார்ந்து டீ குடிக்க ஓர் இடம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், சேறு கணுக்காலைத் தாண்டும். எனவே கூரையும் ஹீட்டரும் உள்ள அறை கட்டாயம். கைபேசி சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகள் உண்டு. தரைவழித் தொலைபேசியோ வைஃபை அழைப்போ இருக்க வேண்டும். அமர்வுகளுக்கு இடையில் மனம் மிகவும் தளர்ந்துபோனால் என்ன செய்வது என்று எழுத்தில் ஒரு திட்டமும் வேண்டும். இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக் குழுவுக்குப் போகும். உயிருக்கு ஆபத்து என்றால் 999தான்.

இனி குதிரை. குதிரை மற்ற விலங்குகளுக்கு இரையாகும் விலங்கு, அதனால் எப்போதும் சுற்றுப்புறத்தைப் படித்துக்கொண்டே இருக்கும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை வரை பார்வை எட்டும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகிலும்தான் தெரியாது. காதுகள் தனித்தனியே திரும்பும். உங்கள் மூச்சு, தோளின் இறுக்கம், நடையின் வேகம் இவற்றுக்கு அது உடனே வினைபுரியும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வில் 28 குதிரைகளுக்குக் கோபமான, சிரித்த மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கோப முகத்தைப் பெரும்பாலும் இடக்கண்ணால் பார்த்தன, இதயத் துடிப்பும் வேகமாக ஏறியது. இவ்வளவு சொல்லலாம். 'குதிரை உங்கள் ஆழ்மனதின் கண்ணாடி', 'உங்கள் இதயத்தின் காந்தப் புலத்தை உணர்கிறது' என்பவை எல்லாம் வியாபாரப் பேச்சு.

குதிரையோடு நடக்கும் அமர்வு பெரும்பாலும் 90 நிமிடம்: அறையில் கொஞ்சம், புல்வெளியில் 45 நிமிடம் போல, மறுபடியும் அறையில். கடைசிப் பகுதியை வெட்டி அனுப்பும் இடம் சரியில்லை, வெளியில் நடந்ததற்குச் சொல் கிடைப்பது அங்கேதான். உளச்சிகிச்சையாளர் ஒருவர், குதிரையைக் கவனிக்கத் தனியாக ஒருவர் என இரண்டு பேர் இருக்க வேண்டும். 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா என்ற குதிரைவழிச் சிகிச்சை அமைப்பின் முறையில் இது விதி. சவாரியும் கிடையாது, எல்லாம் தரையில் நின்றபடிதான். காரணம் எளிது: ஒரே ஆள் உங்கள் முகத்தையும் 500 கிலோ விலங்கின் பின்னங்காலையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. உடல் ஊனமுற்றோருக்குக் குதிரையின் நடையசைவைக் கொண்டு பிசியோதெரபிஸ்ட்கள் தரும் ஹிப்போதெரபி வேறு துறை, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நடப்பது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். முதல் நாள் வேலிக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்வார்கள். இன்னொரு நாள் முகத்தில் மாட்டும் வாரைக் கையில் கொடுத்து, குதிரையை அணுகச் சொல்வார்கள். ஒருவர் நேராகப் போய், பட்டையை மாட்டி, கொக்கியைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "குதிரை அப்போது என்ன செய்தது?" என்று கேட்டால் பதில் இருக்காது, அவர் பார்க்கவே இல்லை. இன்னொருவர் பத்தடியில் நின்றுவிடுவார். குதிரை தலையைத் திருப்பிப் புல் மேயப் போனதும், "அதற்கு என்னைப் பிடிக்கவில்லை" என்பார். சிகிச்சையாளர் ஆறுதல் சொல்ல மாட்டார். "வேறு என்ன காரணம் இருக்கலாம்?" என்று மட்டும் கேட்பார். ஈ கடித்திருக்கலாம், பசியாக இருக்கலாம், கூட்டாளிக் குதிரை நகர்ந்திருக்கலாம். எதிரே உள்ளவரின் மனதில் நம்மைத் தவிர வேறு சங்கதிகளும் ஓடும் என்று ஊகிக்கிற இந்தப் பயிற்சியைப் புருஷனையோ அம்மாவையோ வைத்து முதல் நாளே செய்ய முடியாது. குதிரையை வைத்துச் செய்யலாம்.

தொடுவதிலும் ஒரு முறை உண்டு. நெற்றியில் தட்டிக்கொடுக்கத்தான் எல்லார் கையும் போகும், அது குதிரையின் பார்வை மறையும் இடம். தோள்பக்கமாக வந்து, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் முன்புறம் விரல் நுனிகளால் சொறிந்தால் மேலுதட்டை நீட்டி அசைக்கும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. பிரான்சின் கமார்க் குதிரைகளில் அந்த இடத்தைச் சொறிந்தபோது இதயத் துடிப்பு குறைந்ததை 1993இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் சிகிச்சையாளர் குதிரைக்கு மொழிபெயர்ப்பாளராக மாறும்போது. "பாருங்கள், உங்கள் கோபத்தை அது உணர்ந்துவிட்டது" என்றால், சிறுவயதில் உங்களுக்கு நடந்ததே மறுபடியும் நடக்கிறது: உங்களுக்குள் என்ன இருக்கிறது என்று வேறொருவர் தீர்மானிக்கிறார். அடுத்தது, பேச்சைத் தவிர்க்கக் குதிரையிடம் ஓடுவது. மூன்று மாதமாகக் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கலாம், மனசும் லேசாக இருக்கும், வீட்டில் ஒன்றும் மாறியிருக்காது. நல்லவர் அதைக் கவனித்து, சில வாரம் அறையிலேயே உட்காரலாமா என்று கேட்பார். இன்னொன்று, குதிரையையே பாதுகாப்புத் தளமாக, அதாவது பயம் வந்தால் ஓடிப்போய்ச் சேரும் ஆளாக, வைத்துவிடுவது. அது தன் கூட்டத்தைத்தான் நாடும். உங்கள் துக்கத்தைத் தாங்குவது அதன் பொறுப்பாக இருக்கக் கூடாது.

பாதுகாப்பு விதிகளில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். மூடிய, கனமான காலணி. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும். குதிரை வெருண்டு இழுத்தால் சுற்றிய கயிற்றில் விரல் போய்விடும். நேர் பின்னால் நடக்காதீர்கள். கையால் தீனி கொடுக்காதீர்கள், பிறகு அடுத்த ஆளின் சட்டைப்பையைக் கடிக்கும். காதுகள் தட்டையாகப் பின்னால் படிந்து, வால் வெடுக்கென்று அடித்தால் விலகுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். ஆஸ்துமா, கர்ப்பம், கட்டுப்படாத வலிப்பு இருந்தால் முன்பே சொல்லுங்கள். கடுமையான மனப்பிறழ்வு நிலையில் உள்ளவர், போதையில் வருகிறவர், விலங்குகளைத் துன்புறுத்திய வரலாறு உள்ளவர் ஆகியோரைக் களத்தில் இறக்கக் கூடாது. பயம் மட்டும் தடையில்லை, வேலிக்கு இப்பால் நின்றே பல மாதம் வேலை செய்யலாம்.

குதிரையின் நிலைமையும் உங்களுக்கு ஒரு சோதனைக் கருவிதான். தனியாக ஒரே ஒரு குதிரை என்றால் வேண்டாம், அது கூட்டமாக வாழும் பிராணி. வேண்டாமென்றால் விலகிப் போக இடம், எப்போதும் தண்ணீர், நாள் முழுக்க மென்றுகொண்டிருக்க உலர்புல், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு வெட்டு. மூலையில் கட்டிப்போட்டு ஆள் மாற்றி ஆளாகத் தடவ விட்டால், அது உணர்வற்றதுபோல நின்றுவிடும். அதை 'எவ்வளவு சாந்தம்' என்பார்கள். தன் விருப்பத்தைக் காட்ட முடியாத விலங்கை வைத்து உறவைப் பற்றி எப்படிப் பாடம் நடத்துவது?

ஆதாரம் எப்படி? பிணைப்பு வழியில் நடக்கும் பேச்சுச் சிகிச்சைகளுக்கும், பெற்றோர்-குழந்தைத் திட்டங்களுக்கும் ஓரளவு நல்ல அடித்தளம் உண்டு. குதிரைக்கு அவ்வளவு இல்லை. குதிரை சார்ந்த மனநலச் சிகிச்சைகளை 2014இல் தொகுத்து ஆராய்ந்தவர்கள், ஆய்வுகளின் தரம் போதாது, பலன் நிரூபணமாகவில்லை என்றே முடித்தார்கள். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போர் அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட 63 முன்னாள் படைவீரர்களுக்கு வாரம் ஒன்றாக 8 அமர்வுகள், தலா 90 நிமிடம் நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அறிகுறிகள் குறைந்திருந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, எனவே குறைத்தது குதிரையா, குழுவா, காலமா என்று பிரிக்க முடியாது.

குழந்தைக்காகக் கேட்பதாக இருந்தால் இரண்டு விஷயம். முதலாவது, பெற்றோரோ வளர்ப்பவரோ அமர்வுக்குள் இருக்க வேண்டும். குழந்தையை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டிப்போவது பிணைப்புச் சிகிச்சையே இல்லை, சேர வேண்டியவர்கள் வெளியே நிற்கிறார்களே. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் தந்த வழிகாட்டுதலில், சின்னக் குழந்தைகளுக்கு முன்னிறுத்துவது பெற்றோரும் பிள்ளையும் இருக்கும் வீடியோவைப் பார்த்துப் பேசும் முறையைத்தான். பிணைப்புச் சிக்கலுக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது. இரண்டாவது, 'அட்டாச்மென்ட் தெரபி' என்ற பெயரில் குழந்தையை அழுத்திப் பிடிப்பது, போர்வையில் சுற்றுவது, கண்ணைப் பார்க்கக் கட்டாயப்படுத்துவது என்று ஒரு வழி இருந்தது. 2000 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலராடோவில் இப்படி ஓர் அமர்வில் 10 வயதுச் சிறுமி மூச்சுத் திணறி இறந்தாள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அந்தச் செய்முறையைத் தடை செய்தது. கட்டாயப்படுத்தும் எதையும் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். தத்தெடுத்த பிள்ளையானால், இங்கிலாந்தில் உள்ளாட்சி வழியாகக் கேட்கக்கூடிய அரசு நிதி ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் ஒரு குழந்தைக்கான ஆண்டு வரம்பை 5,000 பவுண்டிலிருந்து 3,000 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

ஆளைச் சரிபார்ப்பது எளிது. பிரிட்டனில் 'சைக்கோதெரபிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை வைக்கலாம், சட்டப் பாதுகாப்பு இல்லாத பட்டம் அது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பதற்கு உண்டு, எச்.சி.பி.சி. என்ற சட்டப்படியான சுகாதாரத் தொழிலாளர் பதிவேட்டில் தேடினால் தெரியும். மற்றவர்கள் யு.கே.சி.பி., பி.ஏ.சி.பி. போன்ற உளச்சிகிச்சை அமைப்புகளின் பதிவேட்டில் இருக்க வேண்டும். வார இறுதிக் குதிரைப் பயிற்சிச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.

முதல் தொலைபேசி அழைப்பில் கேளுங்கள்: எந்தப் பதிவேடு, உங்களை மேற்பார்வை செய்பவர் யார், குதிரையோடு இருக்கும்போது இரண்டாவது ஆள் யார், காப்பீடு விலங்கு வேலையையும் சேர்த்து உள்ளதா, மழை பெய்தால் என்ன, குதிரை வேண்டாம் என்று நான் முடிவு செய்தால் கட்டணம் குறையுமா? குதிரை நோய்ப்பட்டால், இறந்தால் எனக்கு எப்படித் தெரிவிப்பீர்கள் என்றும் கேளுங்கள். இந்த வேலைக்கு வைத்திருப்பவை பெரும்பாலும் வயதான குதிரைகள். வாசலில் வந்து நிற்கும்போது அல்ல, முன்பே அழைத்துச் சொல்வேன், அதற்கென்று ஓர் அமர்வு ஒதுக்குவேன் என்று உடனே பதில் வந்தால், அவர் பிரிவைப் பற்றி யோசித்தவர். மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். ஆறு அமர்வுக்கு ஒப்புக்கொள்ளுங்கள், ஆறாவதில் இருவரும் உட்கார்ந்து தொடர்வதா என்று முடிவெடுங்கள்.